மாணாக்கரும் தாளாண்மையும்
(பச்சையப்பர் வரலாற்றால் அறியத்தக்கன)

தோற்றுவாய்

திருவள்ளுவனார் பொருட்பாலில் ஊக்கமுடைமை, மடியின்மை, ஆள்வினையுடைமை, இடுக்கணழியாமை என்னும் நான்கு அதிகாரங்களையும் ஒன்றன்பின் ஒன்றாக நிரல்பட வைத்துள்ளார். உள்ளத்தில் கிளர்ச்சி தோன்றல் முதலாவது. சோம்பலை நீக்கல் இரண்டாவது. வினையில் இறங்கி உழைத்தல் மூன்றாவது. இடையூறு வந்துழி உள்ளம் உடையாது நிற்றல் நான்காவது. ஒரு தொழிலை மேற்கொள்வான் ஏறிச் செல்லவேண்டிய படிகளை இம்முறைவைப்பே நமக்குக் காட்டுகின்றது. இந்நான்கினையும் ஒருங்குசேர்த்துத் தாளாண்மை என்று சொல்லலாம். இக்காலத்தார் விடாமுயற்சி என்றும் தொழில் முனைவு என்றும் பிரித்து வழங்குவன தாளாண்மையின் இரு கூறுகளேயாம்.

இப்பொருளை ஈண்டு எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. நம் வட்டத்து ஊர்களில் தேர்வொன்றில் தவறிய பிள்ளையைப் பார்த்து, "இவனுக்குப் படிப்பு ஏறாது" என்று வீட்டார் அன்றே முடிவு கட்டிவிடுகின்றனர். மறுதிங்களில் அப்பிள்ளை விடியற்காலையில் ஒரகடத்துத் தொழிற்சாலைப் பேருந்துக்காகச் சாலையோரத்தில் நிற்கின்றான். உழைப்பில் இழிவொன்றும் இல்லை. ஆயினும் பதினெட்டு வயதில் ஒப்பந்தக் கூலியாய்ப் புகுந்தவன், ஒப்பந்தம் முடிந்த பின்னர்க் கல்வியும் நிரம்பாமல் கைத்தொழிலும் முதிராமல் ஊர் திரும்புதலை நாம் பலகாலும் கண்டு வருந்துகின்றோம். மற்றொரு சாரார், பட்டம் பெற்றிருந்தும், "முதல் இல்லையே, தொழில் எங்ஙனம் தொடங்குவது?" என்று கூறி ஆண்டுகளைக் கழிக்கின்றனர். இவ்விரு சாராரும் செய்யும் பிழை ஒன்றே. கல்வியை உத்தியோகத்திற்கு வழிச்சீட்டாக எண்ணினரேயன்றி, அதுவே ஒரு கைம்முதல் என்பதை உணர்ந்திலர். அக்கைம்முதலைக் கொண்டு உயர்ந்தாரது வரலாற்றைத் தேடித் தொலைவு செல்லவேண்டுவதில்லை. நம் தொண்டை நாட்டிலேயே அஃது உள்ளது.

நம்மூர்க் கல்வெட்டுக் கூறுவது

உத்தரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரில் முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுக்கள் இரண்டு உள்ளன. அவை முறையே கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளுக்குரியன. குடவோலை முறையால் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தெரிந்தெடுத்த செய்தியை அவை கூறுதலின் உலகம் அவற்றை அறியும். நம் சிறுவரும் அதனை மனப்பாடமாக ஒப்புவிப்பர். ஆயின் அக்கல்வெட்டுக்களில் மாணாக்கர் கருத்தூன்றத்தக்க பகுதி வேறொன்று உளது.

வாரியத்திற்குத் தகுதியுடையான் ஒருவன் கால்வேலிக்கு மேற்பட்ட இறைநிலம் உடையவனாகவும், தன் மனையில் வீடெடுத்து இருப்பவனாகவும், முப்பத்தைந்து வயதிற்கு மேல் எழுபது வயதிற்குக் கீழ்ப்பட்டவனாகவும் இருத்தல் வேண்டும் என விதித்தனர். நிலம் அரைக்கால் வேலியே உடையவனாயினும், ஒரு வேதமும் அதன்மேல் ஒரு பாடியமும் கற்று வல்லவனாயின் அவன் பெயரையும் குடத்தில் இடலாம் என்றும் விதித்தனர். இதன் கருத்து யாது? நிலத்தின் குறையைக் கல்வி ஈடுசெய்யும் என்பதன்றோ? அரைக்கால் வேலி நிலத்திற்கு ஒப்பான மதிப்புக் கல்விக்கு உண்டு என்று அளவிட்டுக் கல்லில் வெட்டி வைத்தனர். இதனொடு, காரியத்தில் திறமை வேண்டும் என்றும், ஈட்டிய பொருள் தூய வழியில் வந்ததாதல் வேண்டும் என்றும் கூறினர். முன்னர் வாரியஞ் செய்து கணக்குக் காட்டாது போனவரையும் அவர்தம் நெருங்கிய உறவினரையும் விலக்கினர்.

அச்சபை அந்தணர்க்குரிய சதுர்வேதிமங்கலத்துச் சபையே. அவ்வுரிமை அன்று பிற குடியினர்க்கு இல்லை. அதனை மறைத்துப் பெருமை பேசுதல் வரலாறு ஆகாது. ஆயினும், கல்வி, செயல் திறம், தூய பொருள், கணக்கு என்னும் நான்கினையும் அவர் ஒரே தட்டில் வைத்து நிறுத்த முறை எக்குடியினர்க்கும் பயன்படுவது. அரைக்கால் வேலியும் இல்லாத ஓர் ஏழைச் சிறுவன் இந்நான்கில் எவற்றைக் கொண்டு எழுந்தான், எதனால் சோதிக்கப்பட்டான் என்பதை இனிக் காண்போம்.

பச்சையப்பரின் இளமைக் கல்வி

பச்சையப்ப முதலியார் 1754ஆம் ஆண்டில் சென்னைக்கு வடமேற்கேயுள்ள பெரியபாளையத்தில் தோன்றினார். அவர் பிறக்கு முன்னரே தந்தையார் இறந்துபட்டார். கைம்பெண்ணாகிய அன்னையார் மக்களோடு சென்னை புகுந்து, பௌனி நாராயண பிள்ளை என்னும் துபாஷியின் ஆதரவை அடைந்தார். தந்தையும் இல்லை, நிலமும் இல்லை, சொந்த வீடும் இல்லை. இக்காலத்தில் நம் வீட்டுப் பிள்ளைகள் இல்லை இல்லை என்று எண்ணும் பொருள்கள் அனைத்தும் அச்சிறுவனுக்கும் இல்லாதிருந்தன.

துபாஷி என்பான் இருமொழி வல்லவன். கம்பெனியாரும் பிற ஐரோப்பிய வணிகரும் நம் நாட்டு மொழியை அறியார்; நெசவாளரும் விளைபொருள் விற்பாரும் ஆங்கிலம் அறியார். இருவர்க்கும் இடையே நின்று சொல்லை மொழிபெயர்த்தும், சரக்கைத் தேர்ந்து விலை பேசியும், முன்பணம் கொடுத்தும், வரவு செலவு எழுதியும், அதற்குரிய தரகினைப் பெற்றும் வாழ்ந்தோர் துபாஷிகள். ஆதலின் அத்தொழிலுக்கு வேண்டும் முதல் மொழியறிவு, இரண்டாவது கணக்கறிவு, மூன்றாவது சொன்ன சொல் தவறாமை. இம்மூன்றும் பணங்கொடுத்து வாங்கப்படுவன அல்ல.

அக்காலத்தில் நம்மவர் பிள்ளைகட்கு ஆங்கிலப் பள்ளி எளிதிற் கிட்டாது. நாராயண பிள்ளையின் ஆதரவே பச்சையப்பருக்குப் பள்ளியாயிற்று. அவரிடத்தில் ஆங்கிலமும் கணக்கும் வாணிக முறையும் பயின்றார். தொழில் செய்வாரை அடுத்திருந்து, அவர் செய்வதைக் கண்டும், கேட்டும், ஏவியதைச் செய்தும் பெற்ற கல்வி அது. ஏட்டுக் கல்வி வேறு, தொழிற் கல்வி வேறு என்னும் பிரிவினை அவர்க்கு இல்லை. கற்ற சொல் அன்றே வாணிகத்திற்குப் பயன்பட்டது. வாணிகத்தில் எழுந்த ஐயம் மறுநாட் பாடமாயிற்று. பின்னர்த் தாமே துபாஷியாய் அமர்ந்து, முப்பது வயது நிரம்புமுன்னரே பெருஞ்செல்வர் ஆயினார். தஞ்சையிலும் அவருடைய கொடுக்கல் வாங்கல் பரந்தது.

ஈண்டு ஒன்று கூறாமற் போதல் நேர்மையன்று. அக்காலத் துபாஷிகள் பலர்க்கு நற்பெயர் இல்லை. இருபுறமும் பொருள் கவர்ந்தோரும், வட்டியால் பிறரை வருத்தினோரும் அவருள் இருந்தனர். ஆகவே துபாஷித் தொழிலால் செல்வம் ஈட்டினார் என்பது ஒன்றே பச்சையப்பரைப் போற்றுதற்குப் போதியதாகாது. செல்வம் எவ்வழிச் சென்றது என்பதையே நாம் நோக்குதல் வேண்டும். அவர் கோயில்களுக்கும் அன்னதானத்திற்கும் கல்விக்கும் பொருள் வகுத்தார். 1794ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் நோயுற்றபோது தம் அறங்களுக்கென உயில் எழுதிவைத்து, அத்திங்களிலேயே திருவையாற்றில் உயிர் நீத்தார். அறத்திற்கென ஒதுக்கிய பொருள் ஒரு லட்சம் வராகன் என்பர். அப்போது அவர்க்கு வயது நாற்பதே.

நாற்பத்தெட்டு ஆண்டு

நல்லோர் ஒருவர் உயில் எழுதிய அளவில் அறம் நடந்துவிடும் என்று எண்ணுவார் இதன் பின் நிகழ்ந்ததைக் கேட்டல் வேண்டும். பச்சையப்பர் மறைந்த பின்னர் அவர் சொத்துக்கள் வழக்கில் சிக்குண்டன. உரிமை கோருவோர் பலராயினர். அறங்கள் பல இடங்களில் நடவாது நின்றன. ஆண்டுகள் ஓடின. உயிலை எழுதியவரைக் கண்டறிந்த தலைமுறையே மறையத் தலைப்பட்டது.

இந்நிலையில் சென்னை அரசாங்கத்தின் தலைமை வழக்கறிஞராய் இருந்த ஹெர்பர்ட் காம்ப்டன் என்பாரும், அவர்க்குப் பின் அப்பதவியில் இருந்த ஜார்ஜ் நார்ட்டன் என்பாரும் இவ்வழக்கை விடாது தொடர்ந்து நடத்தினர். சுப்ரீம் கோர்ட்டார் அறப்பொருளை மீட்டனர். உயிலிற் கூறிய அறங்கட்கு வேண்டுவது போக, வட்டியால் பெருகி நின்ற மிகுதிப் பொருளைக் கல்விக்குப் பயன்படுத்த ஏற்பாடு செய்தனர். அதன் பயனாக 1842ஆம் ஆண்டு சனவரித் திங்களில் சென்னையில் பச்சையப்பர் பெயரால் பள்ளிக்கூடம் திறக்கப்பட்டது. 1850ஆம் ஆண்டில் சீனக்கடைத் தெருவில் அழகிய தூண்களையுடைய மண்டபம் எழுந்தது. 1889ஆம் ஆண்டில் அஃது உயர்தரக் கல்லூரியாயிற்று. காஞ்சிபுரத்திலும் அவர் பெயரால் பள்ளியும் கல்லூரிகளும் இன்றளவும் நடைபெறுகின்றன. நம் வட்டத்துப் பிள்ளைகள் பலர் அங்குப் பயின்றோரே.

1794 முதல் 1842 வரை எண்ணினால் நாற்பத்தெட்டு ஆண்டு. பச்சையப்பர் உயிரோடிருந்த ஆண்டுகளினும் அவர் அறப்பொருள் காத்திருந்த ஆண்டுகள் மிகுதி. ஒருவர் முயற்சி நின்ற இடத்திலிருந்து மற்றொருவர் அதனை எடுத்துச் சென்றிராவிடின், ஒரு லட்சம் வராகனும் வழக்குச் செலவிலேயே கரைந்து போயிருக்கும். விடாமுயற்சி என்பது ஒரு தனிமனிதன் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பது மட்டுமன்று. பலர் கைமாற்றிச் சுமப்பதும் ஆகும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ? சங்கம் என ஒன்றை அமைத்துக் கூடியிருக்கும் நாம் இதனை நன்கு சிந்தித்தல் வேண்டும்.

அக்கல்லூரிக் கதவுகள் முதலிலேயே எல்லார்க்கும் திறந்திருக்கவில்லை என்பதையும் அறிதல் வேண்டும். நெடுங்காலம் இந்து மாணாக்கர்க்கு மட்டுமே அங்கு இடம் கிடைத்தது. பின்னர் அத்தடை நீங்கியது. கதவு முழுதும் திறத்தற்கும் காலம் வேண்டியிருந்தது.

தேர்வில் தவறிய மாணாக்கர்

அக்கல்லூரியில் பயின்ற மாணாக்கருள் ஒருவர் வரலாறு, தேர்வில் தவறிய பிள்ளைகளின் பெற்றோர் அனைவரும் அறியத்தக்கது. ஈரோட்டில் 1887ஆம் ஆண்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த சீனிவாச இராமானுசர் கணக்கில் மட்டும் ஒப்பற்றவர். பிற பாடங்களில் அவர் மனம் செல்லவில்லை. கும்பகோணம் கல்லூரியில் உதவிச் சம்பளத்தை இழந்தார். 1906ஆம் ஆண்டில் பச்சையப்பர் கல்லூரியிற் சேர்ந்தார். மறு ஆண்டு நிகழ்ந்த எப்.ஏ. தேர்விலும் தவறினார். இரண்டு கல்லூரியும் அவரைக் கைவிட்டன என்றே ஊரார் கூறியிருப்பர்.

அவர் செய்தது யாது? காகிதம் வாங்கப் பொருளின்மையால் பலகையில் கணக்கிட்டு, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் குறிப்பேட்டில் எழுதிவந்தார். பின்னர் அவ்வேட்டைக் கையிலெடுத்துக்கொண்டு, அதன் அருமை அறியத்தக்கார் வாயிலைத் தேடிச் சென்றார். 1910ஆம் ஆண்டில் திருக்கோவலூரில் டிப்டி கலெக்டராய் இருந்த இராமசாமி ஐயரைக் கண்டார். அவர் இந்தியக் கணித சங்கத்தைத் தோற்றுவித்தவர். அவர் வழியாக வேறு அறிஞரையும், அவர்கள் வழியாக நெல்லூர்க் கலெக்டர் இராமச்சந்திர ராயரையும் அடைந்தார். 1911ஆம் ஆண்டில் அவர் கட்டுரை கணித சங்கத்து வெளியீட்டில் அச்சாயிற்று. 1912ஆம் ஆண்டில் சென்னைத் துறைமுகக் கணக்கலுவலகத்தில் திங்கள் முப்பது ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தராயினார். அவ்வேலையில் இருந்துகொண்டே இங்கிலாந்திலுள்ள கணித அறிஞர்க்குக் கடிதங்கள் எழுதினார். முன் எழுதிய இருவரிடம் பயன் விளையவில்லை. 1913ஆம் ஆண்டு சனவரியில் கேம்பிரிட்சில் இருந்த ஹார்டி என்பார்க்கு எழுதினார். அக்கடிதம் பயன் தந்தது. 1914ஆம் ஆண்டில் கப்பலேறினார். 1918ஆம் ஆண்டில் அரசகழகத்து உறுப்பினர் என்னும் பெருஞ்சிறப்பினை எய்தினார்.

மாணாக்கர்களே, ஈண்டு நுணுகி நோக்குவீராக. இராமானுசர் தவறிய தேர்வையே மீண்டும் மீண்டும் எழுதிக்கொண்டிருந்தாரல்லர். கணக்கறிவு என்னும் தம் பொருளை அவர் விட்டிலர். அதற்குச் செல்லும் வழியை மட்டும் மாற்றினார். வாணிகன் ஒருவன் தன் சரக்கைத் தலைமேற் சுமந்து, வாங்குவாரைத் தேடி ஊர் ஊராகச் செல்வது போலத் தம் குறிப்பேட்டைச் சுமந்து சென்றார். இதுவன்றோ தொழில் முனைவு? பிடிவாதம் என்பது பழைய வழியை விடாமை. விடாமுயற்சி என்பது குறியை விடாமை. இவ்விரண்டனுள் வேறுபாடு அறியாத பிள்ளைகள் வீணே உழலுகின்றனர்.

காஞ்சிபுரத்து நெசவுக் குடியிற் பிறந்த அண்ணாதுரை அவர்களும் இவ்வகையினரே. அவர் 1909ஆம் ஆண்டிற் பிறந்து, காஞ்சிப் பச்சையப்பர் பள்ளியில் பயின்று, குடும்பத்தின் வறுமையால் படிப்பை நிறுத்தி நகராட்சி அலுவலகத்தில் எழுத்தராய் இருந்தார். அத்துடன் நின்றிருப்பின் அவர் பெயரை யார் அறிவார்? 1928ஆம் ஆண்டில் மீண்டும் புறப்பட்டுச் சென்னைப் பச்சையப்பர் கல்லூரியிற் சேர்ந்து, 1934ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார். 1967ஆம் ஆண்டில் இந்நாட்டின் முதலமைச்சரானார். அவர்தம் அரசியற் கொள்கையை ஏற்பாரும் மறுப்பாரும் நம்முள் உளர். வேலைக்குச் சென்ற பிள்ளை மீண்டும் கல்விக்குத் திரும்பலாம் என்பதை மறுப்பார் ஒருவரும் இரார்.

நாம் செய்யற்பாலன

இவர்கள் எம் குலத்தினர், உம் குலத்தினர் என்று வழக்காடுதல் பயனற்ற வேலை. அவர் செய்தவற்றுள் ஒன்றையேனும் நம் பிள்ளைகள் செய்யும்படி செய்தலே வேண்டப்படுவது. அதற்குச் சில வழிகளைக் கூறுவேன்.

முதலாவது, மாணாக்கன் ஒவ்வொருவனும் பன்னிரண்டு வயது முதல் கணக்கேடு ஒன்று வைத்திருத்தல் வேண்டும். தின்பண்டத்திற்குச் செலவிட்ட ஐந்து ரூபாயையும் அதில் எழுதல் வேண்டும். கணக்குக் காட்டாதவனை நம்மூர்க் கல்வெட்டு விலக்கியதன் உண்மை அப்பொழுது அவனுக்கு விளங்கும்.

இரண்டாவது, விடுமுறையில் ஏதேனும் ஒரு சிறுதொழிலைத் தன் பொறுப்பில் செய்து பார்த்தல் வேண்டும். கொல்லையில் கீரை விதைத்துச் சந்தையில் விற்கலாம். வீட்டில் தறி இருப்பின் பாவுக்கும் ஊடைக்கும் ஆகும் செலவையும், புடைவை விற்கும் விலையையும், தரகர் கொள்ளும் பங்கையும் எழுதிப் பார்க்கலாம். இலாபம் சிறிதாயினும் ஆகுக. இழப்பே வரினும் வருக. ஐம்பது ரூபாய் இழந்து கற்ற பாடம், பின்னர் ஐந்து லட்சத்தை இழவாமற் காக்கும். பெற்றோர் அவ்விழப்பைக் கண்டு சினந்து கொள்ளலாகாது.

மூன்றாவது, தொழில் வல்லாரை அடுத்திருந்து கற்றல். பச்சையப்பர்க்கு நாராயண பிள்ளை வாய்த்தது போல நம் பிள்ளைகட்கும் ஒருவர் வாய்த்தல் வேண்டும். நம் சங்கத்தில் அரிசி ஆலை நடத்துவோர் உளர்; பட்டு வாணிகர் உளர்; பொறியியல் தொழிற்கூடம் நடத்துவோரும், வழக்கறிஞரும் உளர். ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒரு மாணாக்கனை விடுமுறைத் திங்களில் தம் அருகில் இருத்தித் தொழிலின் உள்ளும் புறமும் காட்டுவாராயின், அதற்குச் சங்க நிதியிலிருந்து ஒரு காசும் செலவாகாது.

நான்காவது, தேர்வில் தவறிய பிள்ளைக்கே சங்கம் முதலில் கைகொடுத்தல் வேண்டும். நாம் ஆண்டுதோறும் முதன்மை பெற்றோர்க்குப் பரிசளித்து மகிழ்கின்றோம், அது நன்றே. தவறியோர் பெயரை எவரும் கேட்பதில்லை. அவர்கள் மீண்டும் எழுதுதற்கு வேண்டும் கட்டணத்தையும், மாலை வேளையில் பாடஞ்சொல்ல ஒருவரையும் நாம் ஏற்பாடு செய்தால், சாலையோரத்தில் பேருந்துக்கு நிற்போருள் சிலரேனும் பள்ளிக்குத் திரும்புவர். வேலைக்குச் சென்றே தீரவேண்டிய வறுமையுடையார்க்கு, வேலையோடு அஞ்சல் வழியிற் படித்தற்கும் வழி உண்டு.

முடிவுரை

உத்தரமேரூர் ஏரியை நாம் அனைவரும் அறிவோம். பல்லவர் காலத்தில் வைரமேகன் பெயரால் அமைந்த தடாகம் அது. அதனைக் காத்தற்கென்றே ஏரி வாரியம் என ஒரு குழு இருந்தது. ஆண்டுதோறும் தூர் வாருதற்கும் அறக்கட்டளைகள் இருந்தன. ஏரியை வெட்டியவர் ஒரு தலைமுறையினர். தூர் வாரியோர் பல தலைமுறையினர். அதனாலன்றோ இன்றும் அதில் நீர் நிற்கின்றது?

கல்வியும் அத்தகையதே. நிலம் பங்கிடத் தேயும், வீடு பழுதாகும், கல்வி என்னும் கைம்முதல் பயன்படுத்துந்தோறும் பெருகும். ஆனால் அதனைப் பிள்ளையின் முதல் தோல்வியிலேயே கைவிட்டுவிட்டால், கரை உடைந்த ஏரி போல ஒரு கோடையில் வற்றிப்போகும். வரும் ஆனித் திங்களில் பள்ளி திறக்கும்போது நம் ஊர்களில் படிப்பை நிறுத்திய பிள்ளைகள் எத்துணையர் என்பதை ஒவ்வோர் ஊர்க் கிளையும் வீடுதோறும் சென்று எண்ணி, அவர்தம் பெயர்களைச் சங்கத்திற்கு அனுப்புமாறு அன்பர்களை வேண்டிக்கொள்கின்றேன். அப்பெயர்களோடு நம் வேலை தொடங்குக.

மாணாக்கர் தாளாண்மை ஓங்குக! சங்கம் வாழ்க!